அத்தையின் வண்டிக்கு வெள்ளை அடித்தது

பிளாஸ்டிக் பெயிண்டைக் குடிக்காது என்று அப்பாவின் விரல் அவரிடம் சொல்லிவிட்டது. குடிக்கும் என்று சொன்னவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள்.

நாங்கள் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலை. ரேஷன் கடைச் சீட்டோ கோயில் நோட்டீஸோ, வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அவர் என்னிடம்தான் நீட்டுவார். நான் படிக்கும்போது என்னைப் பார்க்க மாட்டார். சுற்றி நிற்பவர்களில் யார் யார் கேட்கிறார்கள் என்று பார்ப்பார். அம்மாவுக்கு இந்தப் பெருமையில் பங்கில்லை. எதிர்வீட்டுப் பெண் பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறைக்கு நூல் பிசிறு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். என்னையும் அவளோடு அனுப்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

"நோட்டீசு படிக்கறதுக்குன்னு வூட்ல ஒரு ஆளு, அதுக்கு மூணு வேளை சோறு" என்பாள்.

"எம் பொண்ணு படிப்பு ஒரு நாளு ஒதவும், பாத்துக்கினே இரு" என்பார் அப்பா. அந்த ஒரு நாள் வரட்டும் என்று மூன்று பேருமே காத்திருந்தோம்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் பல தடவை கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பல தடவை சமாதானமாகித் திரும்பியிருக்கிறாள். அந்த முறை வந்தபோது இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வீக்கம் வற்றிய பிறகும் எலும்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. இனிமேல் அங்கே போவதில்லை என்று அத்தை சொன்னாள். மாமாவின் அண்ணன் ஒரு நாள் வந்து வாசலில் நின்றபடியே, மாதக் கடைசிக்குள் அவளாக வராவிட்டால் தம்பிக்கு வேறு பெண் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் அத்தை. ஆனால் ஒரே அறை உள்ள எங்கள் வீட்டில் அம்மா அவளுக்கு எத்தனை நாள் பாய் விரிப்பாள் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு இரண்டு அதிர்ஷ்டங்கள் வந்தன. சிட்லபாக்கத்தில், புருஷன் வீட்டில் இருந்த நாளிலிருந்தே பஸ்ஸில் வந்து அவள் சமையல் வேலை செய்துகொண்டிருந்த வீட்டு டீச்சரம்மா மகனோடு வடக்கே போனபோது, கியர் இல்லாத தன் பழைய ஸ்கூட்டரை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன்பே ஏரிக்கரையில் அவளை அதில் ஓட்டவும் பழக்கியிருந்தார். எங்கள் தெருவில் பெண்பிள்ளை ஓட்டி வந்த முதல் வண்டி அதுதான். இடது பிரேக்கை இரண்டு விரலால் மட்டும்தான் அவளால் பிடிக்க முடிந்தது என்றாலும் யார் மேலும் மோதியதில்லை.

இரண்டாவது அதிர்ஷ்டம், குரோம்பேட்டையில் இருந்த ஒரு பிரெட் கம்பெனி. பம்மல், பொழிச்சலூர் கடைகளுக்குக் காலையில் பன்னும் பிரெட்டும் போட ஆள் தேடினார்கள். சொந்த வண்டி வேண்டும். வண்டி வெள்ளையாக இருக்க வேண்டும். அதன் இரண்டு பக்கத்திலும் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை காலை சூபர்வைசர் வந்து வண்டியைப் பார்த்து, திருப்தி என்றால் அங்கேயே ஸ்டிக்கரை ஒட்டி, மறுநாளிலிருந்து வேலை. முதல் மாதச் சம்பளத்தில் பம்மலில் ஒரு அறை எடுத்துக்கொள்வதாக அத்தை சொன்னாள். அந்த அறைக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று என்னிடம் யோசனைகூடக் கேட்டாள்.

வண்டியோ வெளுத்துப்போன குங்குமக் கலரில் இருந்தது. உடம்பெல்லாம் பிளாஸ்டிக்.

பெயிண்ட் பட்டறையில் விசாரித்ததில் அவர்கள் சொன்ன கூலியைக் கேட்டு அத்தை திரும்பி வந்துவிட்டாள். "நான் அடிச்ச கேட்டு எத்தினி? இது ஒரு வண்டி, இதுக்குப் போயி பட்டறையா?" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து வண்டியைக் கழற்றினார்கள். முன்பக்கத் தகடு, இரண்டு பக்கத் தகடுகள், காலடித் தகடு, பின்மூடி. எந்தத் திருகு எதற்கு என்று மாறிவிடக் கூடாதென்று இட்லித் தட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு குழியிலும் ஒரு தகட்டின் திருகுகளைப் போட்டாள் அத்தை. அம்மா வந்து பார்த்தாள்.

"நாளைக்கு இன்னாத்துல இட்லி ஊத்தறதாம்? மட்காட்லயா?"

"ரெண்டு நாளு பொறுங்க அண்ணி. அப்பறம் டெய்லி பன்னு துன்லாம்" என்றாள் அத்தை. அம்மாவே சிரித்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை காலை அப்பா தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இரும்புக்குச் செய்வதுபோலவே தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் விரலை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். "இன்னாடா இது, பிசுபிசுன்னு கையில ஒட்டுது" என்று முனகினார். இரும்பு தேய்த்தால் சொரசொரப்பாகிப் பெயிண்டை வாங்கிக்கொள்ளும். இது வழுவழுவென்றே இருந்தது. பெயிண்டுக்கு அடியில் பூச அவரிடம் இருந்த பிரைமர், சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு வேலையில் மிஞ்சியது; முக்கால் டின். அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு எட்டு தாம்பரம் போயி பெயிண்டுக் கடையில கேட்டுனு வந்துடட்டுமா?" என்று அத்தையிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எதுக்கு? வூட்லயே ஆளு கீது. இங்க வாம்மா. இதுல இன்னா போட்டுகீது, படி. பிளாஸ்டிக்குக்கு அடிக்கலாமா?"

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியில் நின்றிருந்தார்கள். அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்திருந்தாள். டின்னில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டேன். அது கம்பெனி பெயர். அதற்குக் கீழே எறும்பு வரிசைபோல எட்டுப் பத்து வரிகள். எனக்கு இங்கிலீஷில் எழுத்துகள் எல்லாம் தெரியும். பூனை, பந்து, பள்ளிக்கூடம் தெரியும். இப்படி வரிவரியாக வந்தால் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்தின வரியில் பி, எல், ஏ, எஸ் என்று ஒன்று கிடைத்தது. கூட்டிப் பார்த்தேன்.

"பிளாஸ்டிக்! பிளாஸ்டிக்னு போட்டிருக்குப்பா!"

"நெசமாவா?"

"இதோ பாரு. பி, எல், ஏ, எஸ், டி, ஐ, சி."

அப்பா டின்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "ஒதவுச்சா இல்லியா?" என்றார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பிரைமர் அடித்துக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளை எனாமல் அடித்தார்கள். ஸ்ப்ரே இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாததால் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைக் கழுவி அதில் பெயிண்டை ஊற்றினார் அப்பா. துணி காயப்போடும் கொடியில் தகடுகள் தொங்கின. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் புழுதி கிளம்பிவிடக் கூடாதென்று நானும் அத்தையும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் வண்டியை மறுபடி பூட்டி நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. ஷோரூமிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. பிரஷ் கோடு ஒன்றுகூட இல்லை. அத்தை அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

திங்கட்கிழமை அப்பா விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். அம்மா தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் சூபர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். அத்தைக்கு வணக்கம் சொன்னார். வண்டியைச் சுற்றி வந்து, "பரவாயில்லியேம்மா, எந்த ஷாப்ல குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் அடிச்சது சார்."

அவர் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து வலது பக்கம் ஒட்டினார். ஒரு மூலையில் காற்றுக் குமிழி நின்றது. அதைச் சரி செய்ய ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

ஸ்டிக்கர் வந்தது. அதோடு வெள்ளையும் வந்தது. சத்தமே இல்லாமல், காய்ச்சின பாலின் ஆடையைத் தூக்குவதுபோல, ஒரே பாளமாக வந்தது. அடியில் குங்குமக் கலர் புத்தம் புதிதாகத் தெரிந்தது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார். பாளம் அவர் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் நகத்தால் சுரண்டினார். அங்கேயும் உரிந்தது.

"என்னம்மா இது" என்றார். சுவரோரம் இருந்த பிரைமர் டின்னை அவராகவே எடுத்துப் பார்த்தார். "பிளாஸ்டிக், ரப்பர் மேல இதை யூஸ் பண்ணக் கூடாதுன்னு கிளியரா போட்டிருக்கே. யாரும் படிச்சுப் பாக்கலையா?"

நான் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என் பக்கம் திரும்பினாள். என் புத்தகப் பையைப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றாள்.

"சாப்பிடற சரக்கும்மா. பெயிண்ட் உதிர்ந்து பிரெட்ல விழுந்தா எங்க வேலை போயிடும்."

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். வேற அடிச்சிடறேன்."

"நாளைக்கு லைன் ஆரம்பிக்கணும். பம்மல்ல இன்னொருத்தர் வெயிட் பண்றாரும்மா. தப்பா நினைக்காதீங்க." உரிந்த பாளத்திலிருந்து கம்பெனி ஸ்டிக்கரைப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை; அத்தையும் போகச் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து உப்புத்தாளை எடுத்துவந்து, அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். எந்த வரி எது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் சுற்றிலும் தேய்த்தாள். மணிக்கட்டு வலிக்கும்போது நிறுத்தி, மறுபடி தேய்த்தாள். தகரம் பளபளவென்று தெரியும்வரை விடவில்லை. டின்னின் மேல் கோபம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து, பாதி வெள்ளையும் பாதி குங்குமமுமாக நின்ற வண்டியைப் பார்த்தார். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்.

"நான்தாண்ணா. இன்னும் பளபளன்னு இருக்கட்டும்னு காலையில மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சிட்டேன். எல்லாம் வயண்டுகினு வந்துடுச்சி."

அப்பா கையிலிருந்த பையைத் தரையில் எறிந்தார். "ஒரு நாளு பொறுக்க மாட்டியா நீ? புருசன் வூட்லயும் பொறுக்கத் தெரியல, பெயிண்டு காயறதுக்கும் பொறுக்கத் தெரியல!"

வாயிலிருந்து வந்த பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை குனிந்து பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெரிய நிம்மதி வந்து உட்கார்ந்தது. பெரியவர்கள் பயந்தால் பொய் சொல்வார்கள், அத்தைக்கு அப்பாவிடம் பயம் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

வண்டியைப் பல்லாவரத்து மெக்கானிக் ஒருவன் விலைக்கு எடுத்துப் போனான். சனிக்கிழமை அத்தை துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அப்பா வேலைக்குப் போவதுபோல முன்னதாகவே வெளியே போய்விட்டார். அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். அதன் பிறகு நான் அத்தையைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்.

தாம்பரம் பஸ் நிலையத்தில் கூட்டமாக இருந்தது. அடுத்தடுத்து நான்கு பஸ்கள் நின்றிருந்தன.

"எது நம்ம பஸ்ஸுன்னு படிச்சி சொல்லு கண்ணு. எனக்கு இன்னா தெரியும்" என்றாள்.

நான் ஓடிப்போய் மூன்றாவது பஸ்ஸின் முன்னால் நின்று போர்டைப் படித்தேன். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில். ஒரு பெயர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் படித்தேன். "கரீட்டா படிச்ச" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அத்தை படியில் ஏறினாள்.

கண்டக்டர் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தார். "இன்னாம்மா, ரொம்ப நாளா நம்ம வண்டியில காணோமே?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ் பின்னுக்கு எடுத்துத் திரும்பும்வரை, முழு போர்டையும் கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தேன்.