இடப்பக்கத்துக் கடல்

அன்ரன் போய்விட்டார் என்ற செய்தி கைப்பேசியில் ஒரு படத்தோடு வந்தது. நெஞ்சுநோவாம். உடல் கொட்டாஞ்சேனை வீட்டில், மறுநாள் பொரளையில் அடக்கம் என்று கீழே எழுதியிருந்தது. அதை நான் பிறகுதான் வாசித்தேன். முதலில் பார்த்தது படத்தை. கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். யன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, கமராவைப் பார்க்காமல் யாரோ சொன்ன பகிடிக்குச் சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. இதை யார் எடுத்தார்கள் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். ஆகவே இதில் உங்களுக்கு ஆச்சரியம் இராது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில், இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்த நாட்களில், தமிழில் புகைப்படம் பற்றிக் கதைக்க ஓர் இணையக் குழு இருந்தது. கனடாவிலும் சென்னையிலும் மட்டக்களப்பிலும் இருந்தவர்கள் அதில் படம் போடுவார்கள். மற்றவர்கள் கீழே கருத்து எழுதுவார்கள். நான் வெள்ளவத்தை, அன்ரன் கொட்டாஞ்சேனை. அவர் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். நான் பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்காளர். குழுவில் அவர் எனக்கு மூன்று கிழமைதான் மூப்பு. என் கமரா அவருடையதைவிட நல்லது. இந்த இரண்டையும் நான் ஒருநாளும் மறந்ததில்லை.

சேர்ந்த அன்றே, ஒரு வணக்கம் கூடச் சொல்லாமல், கமராவில் இருந்த படங்களை எல்லாம் சுருக்காமல் ஏற்றிவிட்டேன். தலைப்புகள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். இணையத்தில் அப்படி எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னது? அடுத்த நாள் அன்ரனிடமிருந்து தனிமடல் வந்தது. “வணக்கம். உங்கட முதலாவது படம் நேற்றுத் தொடங்கி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கு. இப்பதான் நெத்தி தெரியுது. ஆளைப் பாக்க ஆவலா இருக்கிறன்.” அதற்குக் கீழே: “சின்னனாக்கிப் போடுங்கோ. ஒரு நாளைக்கு ஒண்டு காணும். முதல் மற்றவையின்ர படத்துக்குக் கீழ நாலு வார்த்தை எழுதுங்கோ. நாங்கள் போனாத்தானே எங்கட வீட்டுக்கும் ஆக்கள் வருவினம்.”

நான் போனேன். நாலு வார்த்தைக்குப் பதில் நாற்பது எழுதினேன். ஒளி பிழை, கோணம் பிழை, அடிவானம் சரிவு என்று ஒன்று விடாமல் எழுதினேன். ஒருவரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்ரன் எழுதிய இடத்திலோ திருவிழாக் கூட்டம். அவர் எந்தப் படத்துக்கும் நேரே குறை சொல்லமாட்டார். “கேக்கலாமோ?” என்று தொடங்குவார். படம் போட்டவர் ஓம் என்ற பிறகுதான் அடுத்த வரி. எனக்கு அது நடிப்பாகப் பட்டது. ஒருமுறை குழுவிலேயே கேட்டுவிட்டேன். அவர் சொன்னது: “படம் போட்டவர் வாசலைத் திறந்து வச்சிருக்கிறார், வசந்தி. அதுக்காக நேர அடுப்படிக்குப் போகக் கூடாது.” இதையும் யாரோ பார்த்துக் குழுவின் முகப்பில் போட்டுவிட்டார்கள். நான் சொன்ன எதையும் ஒருவரும் எங்கும் போட்டதில்லை.

கனடாவில் இருந்த ஒருவர், கொழும்பு ஆட்கள் ஏன் எப்போதும் யன்னலையும் தேநீர்க் கோப்பையையும் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். “வெளியில கமராவைத் தூக்கினா, பொலிசுக்கு விளக்கம் சொல்லி முடியிறதுக்குள்ள வெளிச்சம் போயிடும்” என்று அன்ரன் எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். இங்கே இருந்த நாங்கள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தோம். வெளியே எடுத்தாலும் இடத்தின் பெயரைப் போடுவதில்லை என்பது எங்களுக்குள் இருந்த வழக்கம்.

தெமட்டகொடையிலிருந்து புதிதாக வந்த ரிஸ்வானுக்கு அந்த வழக்கம் தெரியாது. பாலத்தில் நின்று ஒரு ரயிலை எடுத்து, இடத்தையும் தன் முழுப் பெயரையும் எழுதிப் போட்டார். படத்தின் ஒரு மூலையில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண். அதை முதலில் கண்டது நான்தான். உடனே எல்லாரும் பார்க்க எழுதினேன்: இந்தப் படத்தின் வலது மூலையில் சென்றிப் பொயின்ற் தெரிகிறது, உடனே எடுத்துவிடவும். கொஞ்ச நேரத்தில் அன்ரன் என் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“வசந்தி, முதல் நீங்க எழுதினதை எடுங்கோ.”

“நான் என்ன பிழையா எழுதினனான்?”

“பிழை இல்லை. ஆனா படத்தில அது இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

எடுத்தேன். அவர் ரிஸ்வானோடு தனியாகக் கதைத்துப் படத்தையும் நீக்கச் செய்துவிட்டு, சபையில் ஒன்றுமே நடக்காததுபோல், “ரிஸ்வான், உங்கட வீட்டுப் பூனையைப் போடுறன் எண்டீங்களே, எங்க?” என்று எழுதினார். பூனை வந்தது. அன்ரன் அதற்குக் கீழே “நல்ல படம்” என்றார். அதற்குப் பிறகு நான் ரிஸ்வானின் படங்களுக்குப் பந்தி பந்தியாக எழுதினாலும், “அன்ரன் அண்ணன் பாத்தாரா மேடம்?” என்றுதான் பதில் வரும்.

அந்த “நல்ல படம்” என்ற இரண்டு சொல்லைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யார் சொன்னாலும் எனக்குப் போதாது. அன்ரன் சொல்லவேண்டும். பூனைக்குச் சொன்னார், கனடாப் பனிக்குச் சொன்னார், யாரோ ஒருவரின் செருப்புக்குக்கூடச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் கொழும்பு ஆட்கள் என் வீட்டில் கூடினோம். மூன்றாம் மாடி, யன்னலால் பார்த்தால் ரயில் பாதைக்கு அப்பால் கடல். அன்ரன் மனைவி பிலோமினாவோடு வந்தார், ரிஸ்வானும் வந்தார். வீடு என்னுடையது, தேநீர் என்னுடையது, கட்லட் நான் பொரித்தது. ஆனால் கதிரைகள் எல்லாம் அன்ரனைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நான் குசினி வாசலில் நின்று ஒரு படம் எடுத்தேன். இடப்பக்கம் யன்னல் நிறையக் கடல், நடுவில் பிலோமினாவும் ரிஸ்வானும், வலப்பக்க ஓரத்தில் கோப்பையோடு சிரிக்கும் அன்ரன். எல்லாரிடமும் சம்மதம் கேட்டு, எந்தக் கடல் என்று எழுதாமல், குழுவில் போட்டேன். வந்தவர்களுக்குச் சீடியிலும் பதிந்து கொடுத்தேன். இந்தமுறை அந்த இரண்டு சொல் வரும் என்று நிச்சயமாக நம்பினேன்.

வந்தது இது: “கேக்கலாமோ? இடப்பக்கத்தை வெட்டிப் பாக்கட்டுமோ?”

அடுத்தவரின் படத்தைக் கேட்காமல் வெட்டிக் காட்டக்கூடாது என்பது குழுவின் விதி. பாதிப்பேர் அதை மதிப்பதில்லை. வெட்டிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். அவர் கேட்டார். நான் “வேண்டாம்” என்று மட்டும் எழுதினேன். நான் வாடகை கட்டுவதே அந்தக் கடலுக்காகத்தான். அவர், “சரி வசந்தி. உங்கட கடல்” என்று பதில் எழுதினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சண்டை முடிந்தது, குழுவும் கலைந்தது. மிச்சப்பேர் கைப்பேசிக் குழு ஒன்றுக்குள் ஒதுங்கினோம். கலியாண வீடுகளில் அன்ரனைக் கண்டால் சிரிப்பேன். யார் யார் அவரைச் சுற்றி நிற்கிறார்கள் என்றும் பார்ப்பேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் பெட்டியின் தலைமாட்டில் அந்தப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுதிரி. எவ்வளவு நல்ல படம் என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. செபம் முடிந்து பிலோமினா தனியாக இருந்த நேரம் பக்கத்தில் போய் இருந்தேன். துக்கம் விசாரிக்கவேண்டிய வாய், “பிலோ, இந்தப் படம் ஆர் எடுத்தது?” என்று கேட்டது.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியேல்லையா அக்கா? நீங்க எடுத்ததுதானே. உங்கட வீட்டு யன்னல்.”

திரும்பிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் ஒரு கோப்பையின் பிடி. என் கோப்பை.

“நீங்க தந்த சீடியில இருந்து வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கிப் பிரிண்ட் போட்டவர். நீங்க வேண்டாமெண்டதால ஹோலில மாட்ட விடேல்லை. எங்கட அறைக்குள்ளதான் இருந்தது. வசந்தியைக் கேக்காம வெளியில வைக்கக் கூடாதெண்டுவார். நேற்று அவசரத்தில கேக்காமப் போட்டிட்டம். கோவிக்காதைங்கோ.”

“கோவமில்லை. வெட்டினது சரிதான்” என்றேன். அவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில். பிறகும் விடாமல், “படத்தைப் பற்றி ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டேன்.

“என்னட்ட இருக்கிற நல்ல படம் இது ஒண்டுதான் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பார்.”

அந்த இரண்டு சொல்லை அறைக்குள் இருந்து இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்த பிலோமினா மேல் எனக்குப் பொறாமை வந்தது. செய்தி வந்த நேரத்திலிருந்து நான் வயிறெரிந்தது என் படத்தைப் பார்த்துத்தான் என்பது அதற்குப் பிறகே உறைத்தது. சிரிப்பு வந்தது, செத்த வீட்டில் சிரிக்கக்கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் வைத்தேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

அன்ரனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு கேள்வியை. அடக்கத்துக்கு மறு கிழமை பிலோமினாவிடம் போனேன். கடலும் ஆட்களுமாக முழுப்படம் என்னிடம் இருக்கிறது. எங்கே வெட்டவேண்டும் என்பதும் இப்போது தெரியும். ஆனால் நான் வெட்டினால் அது அவர் வெட்டியது ஆகாது. “பிலோ, கேக்கலாமோ?” என்றேன். “அந்தப் படத்தில எனக்கு ஒரு கொப்பி?”

அவள் சரி என்ற பிறகுதான் கையை நீட்டினேன்.