வழி தவறிய எச்சில்

மகளை இழந்தவன் அழவில்லை என்றால் அவனுக்குத் துக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தாராவியில் இட்லி விற்கும் வேல்ராஜின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் என்றும் தோன்றவில்லை.

வேல்ராஜின் வலது காதுக்குக் கீழே வளர்ந்த கட்டியை, அங்கிருந்த எச்சில் சுரப்பியோடு சேர்த்து ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். தழும்பு ஆறிய அடுத்த மழைக்காலத்தில், ஒரே மகள் முத்துமாரி டெங்கு காய்ச்சலில் இறந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வேல்ராஜ் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சில நாட்களிலேயே சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பெத்த பிள்ள போயிருக்கு, கல்லு மாதிரி நிக்கானே," என்றது சந்து. மனைவி மாரிசெல்வி அவரோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் இலை போட்டு எலுமிச்சை ஊறுகாய் வைத்தார்கள். குனிந்திருந்த அவருடைய வலது கன்னம் நனைந்து, தாடையிலிருந்து இலையில் சொட்டியது. கதவருகே நின்ற மாரிசெல்வி ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள்.

"இப்பமாது அழுதியளே. எனக்கு இது போதும்."

அன்றிலிருந்து பேசினாள். அவர் கன்னம் நனையும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். அந்த வீட்டில் மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான்.

ஆனால் வியாபாரத்தின்போதும் கன்னத்தில் வழிந்தது. தையல் பட்டறை வாசலில் சட்னித் தூக்கைத் திறந்தாலே போதும்.

"க்யா அண்ணா, ரோதா ஹை?" என்று, அழுகிறாயா எனக் கேட்டுச் சிரித்தான் பட்டறைக்காரன் சைஃப். விற்கிறவனே அழும்படியா இருக்கிறது இட்லி என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் அவன்தான்.

டாக்டர் விளக்கினார். சாப்பாட்டின் மணமோ புளிப்போ பட்டதும், எச்சில் சுரக்கும்படி மூளைத்தண்டிலிருந்து உத்தரவு கிளம்பும். அது நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. சுரப்பியை எடுத்தபோது அறுபட்ட நரம்பிழைகள் மறுபடி வளர்ந்து, பழைய இடம் இல்லாததால், கன்னத்துத் தோலின் வேர்வைச் சுரப்பிகளில் போய்ச் சேர்ந்துவிட்டன. மூளை எச்சில் கேட்கிறது, கன்னம் வேர்க்கிறது. ஊசி போட்டால் சில மாதம் நிற்கும்.

வேல்ராஜ் ஊசி வேண்டாம் என்றார். வேர்வை சட்னியில் விழுமோ என்று பட்டறையில் முகம் சுளித்தார்கள். கொஞ்ச நாளில் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். அப்போதும் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. அதற்குப் பிறகு செய்ததுதான் புரியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடும்போது, "பாப்பாவ நெனச்சுட்டியளா?" என்று மாரிசெல்வி கை நீட்டினாள். ஆமாம் என்று தலையை அசைத்திருந்தால் போதும்.

"அது அழுக இல்லட்டி. நரம்புக் கோளாறு. ஊறுகாயப் பாத்தாலே வேர்க்கும். டாக்டர் சொன்னாரு."

"அப்பம் அன்னைக்கி?"

"அன்னைக்கும் அதான்."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் பாண்டுப்பில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஏன் சொன்னார் என்று நானும் கேட்டேன். வேல்ராஜ் இட்லித் தட்டின் மேல் துணியை விலக்கி, சாம்பாரா சட்னியா என்று கேட்டார்.