ஹாரன் மாஸ்டரின் தகடு

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். பக்கத்து இருக்கையிலிருந்து அவர் 'நிப்பாட்டு' என்று கத்தினால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும் என்பார்கள். படிக்க வந்தவர்கள் வைத்த பெயர், ஹாரன் மாஸ்டர்.

கட்டி வந்து மேல்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்த பிறகு அந்தச் சொல்லே அவரை விட்டுப் போயிற்று. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தது. 'நிப்பாட்டு' என்றால் 'நிம்மாண்ணு' என்று கேட்டது. கடையிலும் போனிலும் அவருக்காக மனைவிதான் பேசினாள்.

பல் டாக்டரம்மா அந்த ஓட்டையை அடைக்கும் தகடு ஒன்றைப் பற்களோடு சேர்த்துச் செய்தார். மெழுகு வைப்பார், பேசச் சொல்வார், காற்று கசிகிற இடம் பார்த்து மறுபடி மெழுகு வைப்பார். 'பாப்பா, டப்பா' என்று சொல்லச் சொன்னபோது இவர் முகத்தைச் சுளித்தார். "சரி, உங்க தொழில் வார்த்தையையே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. பல நாள் நடையாய் நடந்த பிறகு 'நிப்பாட்டு' நிப்பாட்டாகவே வெளியே வந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: வாயை அகலத் திறந்து கத்தினால் தகடு இறங்கிவிடும்.

அவர் வேலை பார்த்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மனைவியின் தம்பியுடையது. உறவு வேறு, தொழில் வேறு என்பவன் அவன்.

"ஒரு ரவுண்டு பார்ப்போம் மாமா. ஆபத்துன்னா உங்க பக்கத்து பிரேக்கை மிதிங்க, வேண்டாங்கல. ஆனா மிதிச்சா நாளையிலேர்ந்து வண்டி கழுவற வேலைதான். காலால பேசறவர் பாடம் எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான்.

ஓட்ட வந்தவர் ஒரு தையல்காரம்மா. யாராவது குரலை உயர்த்தினாலே அவருக்குக் கை கால் ஓடாது. முதல் வளைவுவரை நன்றாகத்தான் போயிற்று. இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தபோது, கீழே ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பியது. தையல்காரம்மாவின் விரல்கள் ஸ்டீயரிங்கில் இறுகிவிட்டன.

மாஸ்டருக்குப் பழைய வழக்கம் தொண்டைவரை வந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தார். தகடு ஒரு பக்கம் பிடி விட்டது. காற்று மூக்கு வழியே ஓடியது. கால் பிரேக்கின் மேல் போய் நின்றது. மைத்துனன் எட்டிப் பார்ப்பது அந்தக் காலைத்தான் என்று பார்க்காமலே தெரிந்தது. லாரி முன்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாக்கால் தகட்டை மேலே அழுத்தினார். பிடித்தது.

"நிப்பாட்டுங்கம்மா" என்றார், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. "பிரேக். அப்படியே."

தையல்காரம்மா மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது, எஞ்சினும் அணைந்தது. லாரி கடந்து போயிற்று.

"நீங்க மிதிச்சீங்களா மாமா?"

"அவர் நிப்பாட்டச் சொன்னாரு, நான் நிப்பாட்டுனேன்" என்றார் தையல்காரம்மா, திரும்பாமலே. "பின்னாடி உக்காந்துட்டு நீங்க ஏன் சார் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

அலுவலக வாசலில் மனைவி காத்திருந்தாள். மைத்துனன் சாவியை அவரிடம் நீட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டான். வழக்கம்போல் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

அவர் நாக்கால் தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ பத்து மணிக்கு மெதுவா எழுந்து வா, மாப்பிள்ளை. நான் ஆறு மணிக்கே வண்டியை எடுத்துடறேன்."