இடது பக்கம் இரண்டு விரல்

முதலில் வலது பக்கம். வெள்ளியங்கிரி வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் குந்துகிறார். தரையில் கட்டை விரலை ஊன்றி ஒரு சாண் நிமிர்த்தி, அதன்மேல் மற்றக் கையின் விரல்களைப் படுக்கவைத்து, பம்பரின் அடிவிளிம்பு வரைக்கும் அளக்கிறார். சாணும் நாலு விரலும். குந்தியபடியே நகர்ந்து இடது பக்கம் போகிறார். சாணும் இரண்டு விரலும். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, காரைப் பார்த்து ஒரு தலையாட்டல். அப்புறம்தான் காபி. தினமும் காலை ஆறரை மணிக்கு இது நடக்கும். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு நடக்கும்.

நாமக்கல்லில் முப்பத்தெட்டு வருஷமாக லாரிக்குப் பாடி கட்டுகிறவர் அவர். வயது அறுபத்திரண்டு. பட்டறையில் டேப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் கையில் எடுக்கமாட்டார். "டேப்பு இழுத்த பக்கம் வருமுங்க. கை வராது" என்பார். பாரம் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிற லாரியின் பின்பக்கம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்தே இத்தனை டன் என்று சொல்லிவிடுவார். எடைமேடைச் சீட்டு பின்னாலேயே வந்து அதையேதான் சொல்லும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், மனுஷனுக்கு வேறு கெட்ட பழக்கம் வெற்றிலை ஒன்றுதான்.

கார் ஒரு இம்பாலா. அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பதினேழு அடிக்குமேல் நீளம். கதவைத் திறந்தால் பாதித் தெரு அடைபடும். ஸ்டீரிங் நம் ஊர் வண்டிபோல வலது பக்கம், கியர் அதற்கு அடியில். முன்னாலும் பின்னாலும் ஒரே நீளமான பெஞ்சு சீட்டு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போகும், அதுவும் அதற்கு மனசு இருந்தால். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில், தென்னந்தோப்புக் கொட்டகைக்குள் முப்பது வருஷமாகக் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தார். தோட்டத்துக்காரரான பண்ணாடி காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. பேரன்கள் சாவியை எடுத்துக் கையில் திணித்த வேகத்தை அன்றைக்கே அவர் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை. வாங்குகிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

தன் பட்டறையிலேயே தகரம் தட்டி, துரு சுரண்டி, மேலே வெள்ளையும் கீழே வெற்றிலைப் பச்சையும் அடித்து ஒன்றரை வருஷத்தில் எழுப்பி நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கையை ஜன்னலில் வைத்து நாற்பதில் ஓட்டிக்கொண்டு போனால், பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும். அவர் அசையமாட்டார். "பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணி மேல போற மாதிரி போகும்." பெட்ரோல் பங்கில் கல்லூரிப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு படம் எடுப்பார்கள். "போதும், தள்ளுங்க சாமி" என்று சலித்துக்கொள்வார். சலித்துக்கொண்டே இன்னும் ஐந்து நிமிஷம் நிற்பார்.

பரமத்தி வேலூருக்கு வெற்றிலை வாங்கப் போகிற வாய்க்கால் ரோட்டில் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நாலு வருஷமாக அவருக்கு இது ஒரு குறை. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வேலை செய்கிற பெண்கள் கார்ச் சத்தம் கேட்டதும் முதுகைக் காட்டிக்கொள்வார்கள். கட்டிலில் கிடக்கிற கிழவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். டீக்கடைச் சிரிப்பு நின்று, கார் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் எழும்பாது. "நல்ல வண்டியப் பாக்கத் தெரியாத சனமுங்க" என்று வெள்ளியங்கிரி அதை ஒரு வரியில் முடித்து வைத்திருந்தார்.

போன வருஷம் ஆடியில் அந்த ரோட்டில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, இறங்கித் தண்ணீர் கேட்டார். செல்லியம்மாள் என்று பிற்பாடு பெயர் தெரிந்தது. எண்பதை ஒட்டிய வயசு, கூன் விழாத உடம்பு. வாசலில் நின்று காரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. சேலை மாற்றியிருந்தாள். மாற்றுத்துணி வைத்த மஞ்சள் பை ஒன்று இருந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்தக் கார்க் கதவைத் திறக்கத் தடுமாறுவார்கள். கைப்பிடி கொஞ்சம் ஏமாற்றும். அவள் தடுமாறவில்லை. பின்சீட்டில் இடது ஓரமாக ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாமுங்க சாமி."

"எங்கீங்க போறது?"

"சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தானுங்க. இந்த வண்டி வேற எங்க போவும்?"

வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த மருமகள் காரைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். வெள்ளியங்கிரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிழவிதான் பொறுமையாக விளக்கினாள்.

"பண்ணாடி நல்ல மனுசருங்க. அப்பெல்லாம் ஆம்புலன்சு ஏது? இந்த வண்டியிலதான் ஆளக் காலு மடக்காம நீட்டிப் படுக்கவெக்க முடியும். அதனால ஆரு ஊட்டுல முடியலைன்னாலும் வண்டிய அனுப்பிருவாரு. இந்த ரோட்டுல படுத்துட்டுப் போனவங்க அத்தன பேரும் உக்காந்துட்டு வந்தாங்க."

"பொழச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. பொணத்தப் படுக்கவெச்சா வழியில நிறுத்திக் கேப்பாங்கன்னு டிரைவரு துண்டப் போட்டுக் கட்டி உக்காரவெச்சுருவாரு. எம்பட ஊட்டுக்காரரு அந்த வலப்பக்கம், நானு இங்க. 'பேசிட்டே வா ஆத்தா, அப்பத்தான் ஆருக்கும் தெரியாது'ன்னாரு. சேலத்துல இருந்து ஊடு வரைக்கும் பேசிட்டே வந்தனுங்க."

"என்னத்தப் பேசுனீங்க?"

"எரும செனையா இருந்துச்சுங்க. அதப் பத்தித்தான்."

என்னை யாரும் அனுப்பவில்லை, தண்ணீர் கேட்கத்தான் நிறுத்தினேன் என்று அவர் சொன்னபோது கிழவியின் முகத்தில் ஆறுதல் ஒன்றும் தெரியவில்லை. "எம்பட மொறை இல்லீங்களா?" என்று கேட்டு, கொஞ்சம் யோசித்து, "ஏறிட்டன். ஒரு நடை ஓட்டிட்டு வாங்க சாமி" என்றாள். எண்பது வயசு மனுஷியை எப்படி இறக்கிவிடுவது? தானே கிணற்றில் இறைத்து ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். அவள் முந்தானை கதவில் மாட்டி, கிரீஸ் பட்டு நுனி கருப்பாகிவிட்டது. "பரவால்லீங்க" என்று அதை மடித்துச் செருகிக்கொண்டாள். காவிரிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பாலத்தின் மேல் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முன்னால உக்காந்தா ரோடு இன்னும் நல்லாத் தெரியுமுங்களா?"

"அடுத்த வாரம் வாரேன். முன்னாலயே உக்காந்துக்குங்க" என்றார் வெள்ளியங்கிரி.

அடுத்த ஞாயிறு போனபோது அந்த வீட்டு வாசலில் பந்தல் இருந்தது. புதன்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாளாம். அவர் நிறுத்தாமல் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து காரைக் கழுவும்போதுதான் பின்பக்கம் இடது மூலை தணிந்திருப்பது கண்ணில் பட்டது. அளந்தார். இரண்டு விரல்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பட்டறை வெல்டர் காளியப்பன் இடது ஸ்பிரிங்கைக் கழற்றி வலது பக்கமும், வலதை இடது பக்கமும் போட்டான். ஸ்பிரிங்கில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் இறங்கவேண்டும். இடதுதான் இறங்கியிருந்தது. இரண்டையும் புதிதாகச் செய்து போட்டார்கள். இடதுதான். தரையில் கோணல் இருக்குமோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். இடதுதான். கடைசியில் வெள்ளியங்கிரி காளியப்பனைப் பின்சீட்டில் வலது பக்கம் உட்காரச் சொல்லி அளந்தார். சரியாக இரண்டு விரல் இறங்கி, இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக நின்றது. அதாவது ஒரு ஆள் எடை. காளியப்பன் மெதுவாக வலது கதவு வழியே இறங்கி, ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

"ஸ்பிரிங்கு மட்டம், தரையும் மட்டம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்கண்ணா."

அதற்கப்புறம் அவன் அந்தக் காருக்குள் கையை விட்டதில்லை. வெள்ளியங்கிரியும் பின்சீட்டில் யாரையும் ஏற்றியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நிற்கவில்லை. விற்றுவிடலாமே என்று கேட்டால், "அதெப்படீங்க, ஆளோட விக்கறது?" என்று சிரிப்பார். கேட்டவர் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் அதை யோசிப்பார்.

அவர் சிரிப்பெல்லாம் தை மாதம் வரைக்கும்தான். தையில் அவர் மனைவி வசந்தாமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது என்று சேலத்தில் சொன்னார்கள். திங்களும் வியாழனும் அங்கே போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வசந்தாமணி நல்ல உயரம். சுத்தம் செய்த பிறகு கால் இரண்டும் சுருட்டிப் பிடிக்கும், நீட்டிப் படுத்தால் ஒழிய விடாது. வீட்டில் ஓடுகிற சின்னக் காரில் நீட்டுவதற்கு இடம் ஏது? போன வாரம் ஆண்டகளூர் கேட் பக்கத்தில், வலி தாங்காமல் வண்டியை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டாள். போகிற பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள்.

"ஏனுங்க, ஊட்டுல அத்தாம் பெரிய கார நிறுத்தி வெச்சுட்டு என்னைய இந்த டப்பாவுல மடக்கிக் கூட்டிட்டு வாரீங்களே" என்றாள் படுத்தபடியே. "அதுல ஏத்தினா அழுக்காயிருமுங்களா?"

அவர் குந்தி அவள் காலை நீவிவிட்டார். வாய்க்கால் ரோட்டுக் கதை அவளுக்குத் தெரியாது; தெரிந்தால் மூட்டை மூட்டையாகப் பயம் சேர்ந்துவிடும் என்று மறைத்து வைத்திருந்தார். இப்போது அந்தப் பயம் முழுவதும் அவர் தலையில் இருந்தது. அந்த சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று அவருக்குத் தெரியும். சும்மா ஒரு நடை போய்வந்தவளுக்கே மூன்று நாள்தான். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளை எப்படி அதில் ஏற்றுவது? ஏற்றாமல் ரோட்டோரத்தில் எத்தனை நாள் படுக்கவைப்பது? மனுஷன் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. காரை ஆசை ஆசையாக எழுப்பி நிறுத்திய கையை அவரே வெறுத்தார்.

இந்த வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவர் அளக்கப் போனபோது காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இடது ஓரத்தில் வசந்தாமணி. முதுகுக்குத் தலையணை வைத்து, காலை வலது பக்கமாக நீட்டி, போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இதுலதானுங்க. இறங்கமாட்டேன்" என்றாள். பிறகு காலை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்து, "சொகமா இருக்குது" என்றாள். ஏழு மாதமாக அவள் வாயில் வராத வார்த்தை அது.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வெள்ளியங்கிரி, பழக்கதோஷத்தில் காரின் பின்னால் போய்க் குந்தினார். வலது பக்கம் சாணும் நாலு விரலும். இடது பக்கம் நகர்ந்தார். வசந்தாமணியின் எடைக்கு இன்னும் இரண்டு விரல் இறங்கியிருக்கவேண்டும். வெறும் சாண்தான் இருக்கவேண்டும். தரையில் கட்டை விரலை ஊன்றி, சாணை நிமிர்த்தி, மேலே விரல்களை வைத்தார். ஒன்று. இரண்டு.

எடுத்துவிட்டு மறுபடி அளந்தார். சாணும் இரண்டு விரலும். நேற்று எப்படியோ அப்படியேதான். பின்சீட்டில் ஒரு ஆள் எடைதான் இருந்தது, வசந்தாமணியின் எடை.

"என்னத்தத் தேடறீங்க? நேரமாச்சு" என்றாள் வசந்தாமணி உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல சாமி" என்றார். எழுந்து போர்வை நுனியை உள்ளே தள்ளி, அவள் பக்கத்துக் கதவைச் சாத்தினார். வாசலில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. டிரைவர் பக்கம் போகத் திரும்பியவர் நின்றார். முன்பக்கம் இடது கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, வயசான ஒரு மனுஷி ஏறி உட்காருகிற நேரம் காத்திருந்தார். அப்புறம் குனிந்து, கதவு விளிம்பில் கையை வைத்து, அங்கே இல்லாத ஒரு முந்தானையை உள்ளே ஒதுக்கிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.