பஞ்சு அடைத்த பெட்டி

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஹலோ சார்" என்றால் பால்காரருக்கும் தெரியும். காப்பீட்டு முகவர். கார்க் கதவைச் சாத்தும் முன்பே காதில் போன் ஏறிவிடும். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை போனில், புத்தி பாலிசியில். ஊரார் உயிருக்கெல்லாம் விலை சொல்லும் அந்த மகான், தன் உயிரை மட்டும் சும்மா ரோட்டில் இறைத்துக்கொண்டு போவார்.

போனால் போகட்டும் என்றுகூட அவர் மனைவி நினைத்ததுண்டு; உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஆனால் தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போகிறவள் ஒரே மகள் ஆயிற்றே! அந்த நினைப்பு வந்தால் தையல் மெஷினில் அவள் கால் தானாக நின்றுவிடும்.

அவள் தம்பிக்குக் கார் பட்டறையில் வேலை. ஒருநாள் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினான்.

"மாமா, நீங்க போன் பேசுறப்போ முன்னாடி வண்டி நெருங்கினா, இது பீப் பீப்னு கத்தும்."

"உங்கக்கா ஒருத்தி கத்துறது பத்தாதா?" என்றார் அவர். அதற்குள் போன் வந்துவிட்டது, நகர்ந்துவிட்டார்.

மீதியைத் தம்பி அக்காவிடம்தான் சொன்னான். "இதை அவர் போனோடயும் இணைச்சிருக்கேன்க்கா. அந்தப் பக்கம் பேசுறவங்க காதுலயும் லைன் வழியா அதே சத்தம் நேரா கேக்கும். கேட்டா நீ உடனே வெச்சிடு."

அப்படித்தான் செய்தாள். காரிலிருந்து அவர் பேசும்போது பீப் கேட்டால் பட்டென்று வைத்துவிடுவாள். அவரும் அதைக் கேட்டுத்தானே ஓட்டுகிறார் என்று நம்பினாள், பாவி மகள். ரெண்டு மாதம் நிம்மதியாகத் தைத்தாள்.

அன்று காலை, மகள் பக்கத்தில் இருக்கும்போதே கூப்பிட்டார்.

"அந்த நீல ஃபைலை எங்க வெச்சே?"

பீப். பீப். வைக்கப் போனவள் காதில் மகளின் குரல் விழுந்தது. "அப்பா, பஸ்!"

"நிறுத்துங்க!" என்று அலறினாள்.

"எதை நிறுத்தச் சொல்றே? ஃபைல் எங்கன்னு கேட்டா..."

கண்ணாடி நொறுங்கியது. அவள் கையிலிருந்த துணி நழுவியது.

மருத்துவமனையில் மகளின் புருவத்துக்கு மேல் ஐந்து தையல். ஆயிரம் ரவிக்கை தைத்தவள் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஹலோ சாருக்கோ ஒரு கீறல் இல்லை.

"பீப் அடிச்சுதேடி! வீட்ல உக்காந்திருந்த எனக்கே கேட்டுது, அந்த மனுஷனுக்குக் கேக்கலையா?"

"எப்படிம்மா கேக்கும்? மாட்டின மறுநாளே அந்தப் பெட்டியில பஞ்சை அடைச்சு பிளாஸ்திரி ஒட்டிட்டாரு. பெரிய ஆளுங்ககிட்ட பேசுறப்போ மானம் போகுதாம். நீ பயப்படுவேன்னுதான் நான் சொல்லல."

ஆக, ரெண்டு மாதமாக அவர் வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் காதிலும் அந்த எச்சரிக்கை ஒலித்திருக்கிறது. ஓட்டின புண்ணியவானுக்கு மட்டும் ஒலிக்கவில்லை! என்ன சாமர்த்தியம்! பூனை கண்ணை மூடிக்கொண்டதுபோல.

வராந்தாவிலிருந்து தேன் வடியும் அந்தக் குரல் கேட்டது.

"ஆமா சார், ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். நம்ம பொண்ணுக்கே அடி. அதான் சார் சொல்றேன், விபத்து சொல்லிட்டா வருது? இன்னிக்கே ஒரு பாலிசி..."

மகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸின் கைகூட ஒரு நொடி நின்றது.

"மீதி பிளாஸ்திரி இருந்தா அந்த வாய்க்கும் ஒண்ணு போடுங்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அவர் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அவர் சட்டைப்பையில் கை விட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள். போனைக் காதைவிட்டு எடுக்காமலே அவர் புருவத்தை உயர்த்தி, 'என்ன?' என்று கேட்டார்.

"சொல்லிட்டுத்தாங்க வந்துச்சு. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டு வந்துச்சு."

அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். லைன் அறுந்துபோனது. ஹலோ சார் மூன்று முறை "ஹலோ" என்றார்.

சாவி இன்று தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. மகள் ஒரு பஸ்ஸில் போகிறாள், அவர் வேறு பஸ்ஸில் போகிறார். அங்கேயும் பேசிக்கொண்டேதான் போகிறார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ரெண்டே நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள்.