பீங்கானவர் பிள்ளைகளுக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம்

"பீங்கானவர்னா யாரு சார்?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வு அதிகாரி என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பொய் சொல்லக் கூடாது... எங்கள் நிறுவனத்தில் ஏ.சி. கிடையாது. இருந்திருந்தாலும் வேர்த்திருக்கும்.

விருத்தாசலம் பக்கம் ஓர் அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் விரிவுரையாளர். எது என்று கேட்காதீர்கள் - இதைப் படித்து முடித்ததும் காரணம் புரியும். எங்களிடம் சேரும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: ஐந்தாண்டு வியூகத் திட்டம் எழுதுங்கள், நேரில் வந்து பார்ப்போம், திட்டம் தேறாவிட்டால் முதலாண்டு அட்மிஷன் கிடையாது.

அட்மிஷன் இல்லையென்றால்? இரண்டே வருடத்தில் கேட்டுக்குப் பூட்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, படித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் பெண்கள் எங்கே போவார்கள்? ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்கும் வீடுகள் அல்ல அவை.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "பேப்பர்ல பத்தியெல்லாம் எழுதுறீங்கல்ல... இதையும் எழுதிடுங்க."

எழுதினேனா? நானாவது எழுதுவதாவது! கடலோர ஊரில் வேலை பார்க்கும் நண்பனிடம் அவர்களுடைய திட்டத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினேன். நாற்பது பக்கம். எங்கு பார்த்தாலும் மீன், மீனவர். நம்மூரில் ஏது கடல்? இது கப்பும் பொம்மையும் சுட்டெடுக்கும் பீங்கான் ஊர். எங்கள் ஆட்களின் பெயர்களைச் சேர்த்துவிட்டு, 'மீன' என்று வரும் இடத்திலெல்லாம் 'பீங்கான' என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டேன். ஒரே தட்டு. மீனெல்லாம் பீங்கான் ஆனது. உள்ளூர் மணம் வந்துவிட்ட திருப்தியில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதிகாரி இப்போது அதைத்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "'பீங்கான்பிடி தடைக்காலத்தில் பீங்கானவர் குழந்தைகளின் வருகை'... ஏன் சார், தடைக்காலத்துல பீங்கான் பிடிச்சா குஞ்சு பொரிக்காதா?"

நான் சிரித்து வைத்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டினார். "திட்ட ஒருங்கிணைப்பாளர் - பீங்கானாட்சி. இவங்க யாரு?"

கணித விரிவுரையாளர் மீனாட்சி மேடம் மெதுவாக எழுந்து நின்றார். என் பக்கம் திரும்பிய பார்வையில் ஒரு சூளையே இருந்தது. "பொறந்ததுலேருந்து மீனாட்சியா இருந்தேன் சார். ஒரே நாள்ல டீ கப்பாக்கிட்டீங்களே!"

இதல்ல அதிர்ச்சி. இதற்கு மேல்தான்.

"காப்பியடிச்சதை விடுங்க," என்றார் அதிகாரி. "கடைசிப் பக்கத்துல ஆறு பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யாராவது ஒருத்தர் இதைப் படிச்சீங்களா?"

ஆறு பேரும் ஃபேனைப் பார்த்தோம். எழுதியவனே படிக்கவில்லை, மற்றவர்களை என்ன சொல்ல?

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த மாணவியை அதிகாரி உள்ளே கூப்பிட்டார். செல்வி. இரண்டாமாண்டு, பெண்ணாடம் பக்கத்துக் கிராமம். "ஏம்மா, இந்த இன்ஸ்டிடியூட் அடுத்த அஞ்சு வருஷத்துல என்ன செய்யணும்?"

ஸ்மார்ட் போர்டு கேள் தாயே, என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"சார், கரும்பு வெட்டு சீசனுக்கு எங்க ஊர்ல வூட்டப் பூட்டிட்டு புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுங்க திரும்பி வந்தா பாடம் எங்கியோ போயிருக்கும். அந்தப் புள்ளைங்களுக்கு எப்படி சொல்லித் தரணும்னு இங்க யாரும் சொல்லித் தரலீங்க. எல்லாரும் ஒழுங்கா வர்ற கிளாஸ்லதான் எங்களைப் பயிற்சிக்கு வுடுறாங்க."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "என் தங்கச்சி இங்க சேரத்தான் காத்துகிட்டு இருக்குது. மூடிடுவீங்களா சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடத்திட்டம் போடாமல் வகுப்புக்குள் கால் வைக்காதே என்று இருபது வருடமாக மிரட்டி வருகிறேன். யாருக்குப் பாடம் என்று ஒருநாளாவது யோசித்தேனா? நாற்பது பக்கத்தில் இல்லாத திட்டம், நாலு வாக்கியத்தில் எதிரில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டது!

அதிகாரி நாற்பது பக்கத்தையும் என்னிடமே நீட்டினார். "பதினஞ்சு நாள். ஒரே பக்கம். ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல ஒரு ஆளு பேரு, ஒரு தேதி. 'நிறுவனம் ஆவன செய்யும்'னு எழுதினீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

செல்வியையும் அவள் தோழிகளையும் கூட உட்காரவைத்து எழுதினோம். மீனாட்சி மேடம் வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே அனுப்பினார். நேற்று பதில் வந்தது. இந்த வருடம் அட்மிஷன் உண்டு. வெட்டு முடிந்து பிள்ளைகள் திரும்பியதும் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அதற்குப் பிறகுதான் அடுத்த வருடத்துப் பேச்சு.

முதல் வேலை: கரும்பு வெட்டுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்கான பாடங்களைத் தயாரித்து, பெண்ணாடம் பக்கத்துப் பள்ளிகளில் நடத்திப் பார்ப்பது. எதிரே பொறுப்பாளர் என்ற கட்டத்தில் துறை இல்லை, குழு இல்லை... என் பெயர்!

திட்டம் என்றால் அதைச் செய்யவும் வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?