எருமைக்கு ஓட்டுப் போட்ட பெர்லீத்தா

பெர்லீத்தா பேச ஆரம்பித்தால் நெனீத்தாவின் பெட்டிக்கடையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். சாயங்காலச் செய்தி முடிந்து நாடகம் தொடங்கும் நேரத்துக்குத் தெருவில் பாதிப் பேர் அங்கே பெஞ்சில் இருப்பார்கள். நாடகத்துக்காக வருகிறோம் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் எல்லோரும் வருவது பெர்லீத்தாவின் வாய்க்காகத்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சாந்தா ரொமானா நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை. பதினொரு வருடமாகவும் தற்காலிகம்தான். அந்த உத்தியோக கௌரவம் நாடகம் பார்க்கும்போது தானாக வெளியே வந்துவிடும். குழந்தை மாறிப்போகிற கதை என்றால் கேட்கவே வேண்டாம்.

"ஆஸ்பத்திரியில குழந்தை மாறிடுச்சாம், இருபது வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையாம்" என்பாள். "எங்க ஆபீசுக்கு வந்து ஒரு நகல் வாங்கியிருந்தா அரை நாள்ல கதை முடிஞ்சிருக்கும். பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலே நாங்க ஆளை மூணு மாசம் அலைய விடறோம். முழுக் குழந்தையை மாத்திட்டுப் போக விட்டுடுவோமா?"

நாயகிக்கு மூன்றாவது முறையாக நினைவு தப்பியபோது, "இவளுக்கு நினைவு போகல, கதை எழுதறவனுக்குப் போயிடுச்சு" என்றாள். மாமியார் மருமகளை அறைந்தால், கை வருவதற்கு முன்பே கன்னம் திரும்பிவிட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வாள். ஞாயிறு மத்தியானம் போடுகிற கறுப்பு வெள்ளைப் படங்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. "அப்பல்லாம் அழுதா மூக்கு ஒழுகும். இப்ப அழறவளுக்கு மைகூடக் கலையறதில்ல." ஆனால் யாராவது பழைய படம் எல்லாமே தங்கம் என்று ஆரம்பித்தால் அதற்கும் விட மாட்டாள். "அதுலயும் பாதி குப்பைதான். கறுப்பு வெள்ளையில பாத்தா குப்பையும் கௌரவமாத் தெரியும், அவ்வளவுதான்."

இப்படியே பேசிக்கொண்டு அவள் ஆயுள் நிம்மதியாகப் போயிருக்கும். எங்கள் மேயர் ஒரு காலத்தில் சினிமா நடிகராக இல்லாமல் இருந்திருந்தால்.

மேயர் லியாந்த்ரோவுக்கு எழுபது வயது. வாலிபத்தில் பதினாறு சண்டைப் படங்களில் நடித்தவர். அந்த மீசைக்காகவே ஊர் அவருக்கு மூன்று முறை ஓட்டுப் போட்டிருக்கிறது. போன மே மாதம் புனிதர் திருவிழாவில், ஊர்வலம் முடிந்ததும் சதுக்கத்தில் வெள்ளைத்துணி கட்டி அவருடைய முதல் படத்தைப் போட்டார்கள். 'கரும்புக்காட்டுச் சிங்கம்.' ஊரே கைதட்டியது. பெர்லீத்தாவும் தட்டினாள். கைதட்டுவது நகராட்சி ஊழியருக்குச் சம்பளத்தில் சேர்ந்த வேலை.

அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் நெனீத்தாவின் கடைக்கு வந்துதான் கொட்டினாள்.

"அம்மா செத்துக் கிடக்கறா, இவரு முடியைக் கோதிக்கிட்டு நிக்கறாரு. அழற காட்சியில வயித்துவலி வந்தவர் மாதிரி இருந்தாரு. சத்தியமாச் சொல்றேன், அந்தப் படத்துல நடிச்சது ஒரே ஆள்தான். அந்த எருமை. எஜமான் விழுந்ததும் திரும்பிப் பாத்துச்சு பாரு ஒரு பார்வை, எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. நியாயமாப் பாத்தா நாம எருமைக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே நெனீத்தாவின் இன்னொரு போன் அடித்தது. ரியாத்திலிருந்து அவள் புருஷன்.

"லைவை நிறுத்துடி" என்றான். "எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கு."

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டி வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் திருவிழா என்றால் சிலை கிளம்பும்போதே போன்களும் கிளம்பிவிடும். ஊர் திருவிழாவுக்கென்று இருக்கும் இணையப் பக்கத்தில் நேரலை போட்டால் ரியாத்தில் இருப்பவரும் ஹாங்காங்கில் இருப்பவரும் கூடவே நடந்து வருகிற மாதிரி. நெனீத்தாவும் புருஷனுக்காக ஊர்வலத்தைப் போட்டவள், கடைக்கு வந்ததும் போனை வினிகர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். வறுத்த வாழைப்பழத்துக்கு எண்ணெய் காய வைக்கப் போனவள் அதை நிறுத்த மறந்துவிட்டாள். மறுநாள் காலையில் நாற்பதாயிரம் பேர் எருமையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

பெர்லீத்தா பயந்துபோனாள். காரணம் இருந்தது. எங்கள் நகராட்சியில் தற்காலிக ஊழியர் ஒப்பந்தம் ஜூன் முப்பதிலும் டிசம்பர் முப்பத்தொன்றிலும் முடியும். மேயர் கையெழுத்திட்ட புதுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வரும். யாரையும் வேலையை விட்டு நீக்க மாட்டார்கள், யாரையும் திட்டவும் மாட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். குப்பை வண்டி ஓட்டிய ஃபிதெல் ஒரு கல்யாணத்தில் மேயரின் தேர்தல் பாட்டைக் கேலியாகப் பாடினான். அந்த டிசம்பரில் அவன் பலகை முன்னால் நின்று விரலால் தடவித் தடவிப் பார்த்ததைப் பெர்லீத்தா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். புருஷன் கிறிஸ்பினுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொருவர் வேலை கொடுப்பார்கள் என்ற நினைப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது.

பயம் முதலில் சாப்பாட்டைப் பிடித்தது. பிறகு தூக்கத்தைப் பிடித்தது. அலுவலக உணவறையில் அவள் தட்டை வைத்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிரிவுத் தலைவர், "நான் அந்த வீடியோவைப் பாக்கவே இல்லம்மா" என்று கேட்காமலே வந்து சொன்னார். அதைக் கேட்டதும்தான் அவரும் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. மாடியிலிருந்து மேயரின் உதவியாளர் இறங்கி வந்தால் கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் விளக்கை அணைத்துவிடுவாள். நெனீத்தா கடைப்பக்கமே போகவில்லை. நாடகத்தில் என்ன நடக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஜூன் இரண்டாவது வாரமும் வந்தது. பட்டியல் மேயர் கையெழுத்துக்கு மேலே போய்விட்டது என்று பேச்சு. அடுத்த மேசை அம்பாரோ, நல்லெண்ணத்தில்தான், ஒரு வழி சொன்னாள்.

"அக்கா, மன்னிப்புக் கேட்டு நீங்களே ஒரு வீடியோ போடுங்க. வெறும் மன்னிப்பு பத்தாது. படத்தைப் புகழணும். நல்லாப் புகழணும்."

"என்னன்னு புகழறது?"

"அது உங்களுக்கா தெரியாது? இத்தனை வருஷமா திட்டறீங்களே, அதையே அப்படியே திருப்பிப் போடுங்க."

அன்று சாயங்காலம் சமையலறையில், அலுவலகச் சீருடையைக் கழற்றாமல், சுவரில் இருந்த குழந்தை யேசு படத்துக்குக் கீழே நின்றுகொண்டு பெர்லீத்தா பேசினாள். அந்தப் படம் தன்னை அழ வைத்தது என்றாள். மேயருக்கு நிகரான நடிகர் நாட்டிலேயே இல்லை என்றாள். அன்று குடிபோதையில் உளறிவிட்டேன் என்றாள். அவள் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நான்கு தடவை எடுக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் புகழ்கிற இடத்தில் நாக்கு சண்டித்தனம் செய்தது.

கிறிஸ்பின் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கோணிய வாயால் மெதுவாகச் சொன்னான்.

"வேணாம் பெர்லி. நீ பேசற மாதிரியே இல்ல."

"என்னை மாதிரி பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்தோம். நீ சும்மா இரு."

அவனை அப்படி அதட்டியது அவளுக்கே வலித்தது. இருந்தும் வீடியோவைப் போட்டாள். அது புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேயர் கூப்பிடுகிறார் என்று உதவியாளர் வந்து சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, முகத்திலும் ஒன்றும் இல்லை. அம்பாரோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பெர்லீத்தா தன் மேசை இழுப்பறையைத் திறந்து, சொந்தப் பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் கைப்பையில் எடுத்து வைத்தாள். திரும்பி வர விட மாட்டார்கள் என்றே நினைத்தாள்.

அறையில் மேயர் தனியாக இருந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது மீசையின் சாயம் தோலில் இறங்கியிருந்தது. மேசைமேல் காகிதக் கட்டு இருந்தது, அதன்மேல் அவர் கை இருந்தது. பட்டியல். அவள் கண் அதை விட்டு நகரவில்லை.

"உக்காருங்க, பெர்லீத்தா" என்றார். போனை எடுத்து முதல் வீடியோவைப் போட்டார். எருமை வருகிற இடத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, கோபமா என்று பெர்லீத்தாவுக்குப் புரியவில்லை.

"அந்த எருமை பேரு செபியா. மூணு நாள் அதுகூட நின்னேன். டைரக்டர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, லியாந்த்ரோ, அது செய்யறதப் பாத்துக் கத்துக்கடான்னு. அவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் எங்கிட்ட அப்படிப் பேசினதில்ல."

பெர்லீத்தா நம்பவில்லை. இது பொறியா? நாடகங்களில் கெட்டவன் முதலில் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசுவான். அதை எத்தனை தடவை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

அவர் இரண்டாவது வீடியோவைப் போட்டார். அது முடியும்வரை அவர் அவளைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டும் நீங்கதான். எது உண்மை?"

உண்மை அவள் தொண்டை வரை வந்தது. முதலாவதுதான் என்று சொன்னால் இந்த மனிதர் சிரிப்பார் என்று பாதி மனம் சொன்னது. மறு பாதி கிறிஸ்பினின் கட்டிலைக் காட்டியது, பலகையைத் தடவிய ஃபிதெலின் விரலைக் காட்டியது. பாதி நம்பிக்கையை வைத்துக்கொண்டு யார் வேலையைப் பணயம் வைப்பார்கள்?

"ரெண்டாவதுதான், மேயர் அய்யா" என்றாள். "முதல்ல பேசினது புத்தி கெட்டுப் பேசினது."

மேயர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது.

"பதினாறு படம் நடிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார். "உங்க நடிப்பு மோசம். என்னுதை விட மோசம்."

பிறகு காகிதக் கட்டின் மேல் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பதினேழாவது பெயர் அவளுடையது. கீழே கையெழுத்து, பக்கத்தில் தேதி. திங்கட்கிழமை. அவள் சமையலறையில் நின்று புகழ்ந்ததற்கு இரண்டு நாள் முன்பு.

"போய் வேலையைப் பாருங்க" என்றார் மேயர். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிக்கட்டின் நடுவில் பெர்லீத்தா நின்றாள். வேலை போகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. மேலே போய்க் கதவைத் தட்டி, எருமைதான் நன்றாக நடித்தது, நீங்கள் அல்ல என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஐந்தே வார்த்தை. இனி சொன்னால் என்ன, கையெழுத்துதான் ஆகிவிட்டதே. ஒரு படி ஏறவும் ஏறினாள்.

டிசம்பரில் இன்னொரு பட்டியல் வரும்.

அவள் இறங்கித் தன் மேசைக்குப் போனாள். பிறப்புச் சான்றிதழுக்கு ஆள் காத்திருந்தார்.